எக்ஸோம் தரவில் ஆல்ஃபா தலசீமியா: 0.5 என்றால் எந்த 0.5?

சிங்கப்பூரில் எக்ஸோம் தரவை (மரபணுக்களின் புரதக் குறியீட்டுப் பகுதிகளை மட்டும் வாசித்த தரவு) அலசுகிறவர்கள், பிரதி எண் மாற்றங்களை (ஒரு டிஎன்ஏ பகுதி குறைவதையோ கூடுவதையோ) கண்டறியும் மென்பொருள் எதையும் நம்புவதற்கு முன் ஓரிடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். 16ஆம் குரோமோசோமின் நுனியில் உள்ள ஆல்ஃபா குளோபின் தொகுப்புதான் அந்த இடம்; அங்குள்ள மரபணுக்கள் குறைவதால் வருவதே ஆல்ஃபா தலசீமியா என்ற இரத்தக் குறைபாடு. சீனர்களிடம் காணப்படும் எஸ்இஏ (தென்கிழக்காசிய) நீக்கத்தில் ஏறத்தாழ 20 கிலோபேஸ் காணாமல் போகிறது; ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் ஆல்ஃபா குளோபின் மரபணுக்களான எச்பிஏ2, எச்பிஏ1 இரண்டும் அதோடு போய்விடும். இந்தியர்களிடம் அதிகம் தென்படும் 3.7 கிலோபேஸ் நீக்கத்தில் ஒரு மரபணு மட்டுமே குறையும். கணவன், மனைவி இருவரும் எஸ்இஏ நீக்கத்தைச் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் ஹைட்ராப்ஸ் (கருவின் உடலில் நீர் தேங்கும், உயிருக்கு ஆபத்தான நிலை) வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. இருவரிடமும் 3.7 மட்டும் இருந்தால் அந்த ஆபத்து இல்லை. ஆகவே 'இங்கே குறைவு' என்று மென்பொருள் சொல்வது மட்டும் போதாது.

முதல் சிக்கல் ரீடுகளை (கருவி வாசித்த சிறு டிஎன்ஏ துண்டுகளை) எண்ணும்போதே வந்துவிடுகிறது. எச்பிஏ1, எச்பிஏ2 இரண்டின் குறியீட்டுப் பகுதிகளும் ஒன்றுபோலவே இருப்பதால், அங்கிருந்து வரும் ரீடு எந்த மரபணுவுக்குரியது என்று, ரீடுகளை மரபணுத் தொகுதியில் பொருத்தும் பிடபிள்யூஏ-மெம்மால் முடிவு செய்ய முடியாது. ஏதோ ஒன்றில் வைத்துவிட்டு, மேப்பிங் தரம் (இடம் சரி என்ற நம்பிக்கை அளவு) 0 என்று குறித்துவிடும். பிரதி எண் கண்டறியும் மூன்று மென்பொருள்களைப் பாருங்கள். ஜிஏடிகேயின் கலெக்ட்ரீட்கவுண்ட்ஸ் இயல்பாகவே 30க்குக் கீழ் தரமுள்ள ரீடுகளை ஒதுக்குகிறது. எக்ஸோம்டெப்த்தின் வரம்பு 20. சிஎன்விகிட் 0 வரை எல்லாவற்றையும் எண்ணும். பொருத்திய ரீடுகள் உள்ள ஒரே பேம் கோப்பை மூன்றிலும் ஓட்டினால், முதல் இரண்டில் இந்த இடம் ஏறக்குறைய வெறுமையாகத் தெரிவது இதனால்தான். எல்லா மாதிரிகளிலும் வெறுமை என்பதால் எச்சரிக்கையும் வராது. அந்த பின்கள் (ரீடுகளை எண்ணும் சிறு பகுதிகள்) சத்தமில்லாமல் வடிகட்டப்பட்டுவிடும்.

சிஎன்விகிட் ரீடுகளை எண்ணினாலும் பிரதி எண்ணை முடிவு செய்யும் அதன் 'கால்' (call) படி ஏமாற்றும். அது இரண்டு பிரதிகளை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறது. ஆனால் இங்கே ரீடுகள் கலந்து கிடப்பதால் உண்மையான அடிப்படை நான்கு (இரண்டு குரோமோசோம்களிலும் இரண்டிரண்டு மரபணுக்கள்). 3.7 நீக்கம் ஒரு குரோமோசோமில் மட்டும் இருந்தால் நான்கில் மூன்று மிஞ்சும், அந்த விகிதத்தின் லாக்2 (இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை) மதிப்பு -0.415. எஸ்இஏ சுமப்பவரிடம் நான்கில் இரண்டு, மதிப்பு -1. இயல்பு வரம்புகள் -1.1, -0.25, 0.2, 0.7 என்பதால் இரண்டுமே 'பிரதி எண் 1' என்ற ஒரே பதிலாக வெளிவரும். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் 'கால்' முடிவைத் தள்ளிவிட்டு விகிதத்தைக் கையால் கணக்கிடுவதே நல்லது.

அது எளிய வேலைதான். பேம் கோப்பைக் கையாளும் சாம்டூல்ஸில் மேப்பிங் தர வரம்பை 0 ஆகவும், விலக்கும் கொடியை (எந்த ரீடுகளை ஒதுக்குவது என்று சொல்லும் எண்ணை) 3840 ஆகவும் வையுங்கள். நகல் ரீடுகளும் துணை சீரமைப்புகளும் நீங்கிவிடும். இரு மரபணுக்களின் எக்ஸான்களிலும் விழுந்த ரீடுகளைக் கூட்டி, அந்த மாதிரியின் மொத்த இலக்கு ரீடுகளால் வகுத்து, பிறகு ஒப்பீட்டு மாதிரிகளின் இடைநிலை மதிப்பால் வகுக்க வேண்டும். 1 என்றால் நான்கு மரபணுக்கள், 0.75 என்றால் மூன்று, 0.5 என்றால் இரண்டு, 1.25 என்றால் ஐந்து. கூட்டுத்தொகை 50 ரீடு என்றால் தற்செயல் ஏற்ற இறக்கமே 14 விழுக்காடு, 0.75ஐயும் 1ஐயும் பிரிக்க அது போதாது. 400 இருந்தால் 5 விழுக்காட்டுக்கு இறங்கும்.

இப்போது 0.5 வந்திருக்கிறது. ஒரு குரோமோசோமில் எஸ்இஏவா, இரண்டிலும் 3.7ஆ? இரண்டிலும் ஆல்ஃபா மரபணுக்கள் இரண்டுதான்; கருவுக்கான ஆபத்துதான் வேறு. விடை அக்கம்பக்கத்தில் இருக்கிறது. பக்கத்து மரபணுக்களான எச்பிஎம்மும் எச்பிக்யூ1ம் எஸ்இஏ நீக்கத்துக்குள் விழுகின்றன, 3.7 அவற்றைத் தொடுவதில்லை. அவையும் 0.5க்கு இறங்கியிருந்தால் எஸ்இஏ போன்ற பெரிய நீக்கம். 1இல் நின்றால் இரட்டை 3.7. அதே தொகுப்பில் உள்ள எச்பிஇசட் மரபணுவையும் பாருங்கள்: எஸ்இஏ அதை விட்டுவைக்கும், ஃபிலிப்பீன், தாய் வகை நீக்கங்கள் அதையும் எடுத்துச் சென்றுவிடும். ஆனால் எச்பிஇசட்டுக்கு மிகவும் ஒத்த போலி மரபணு ஒன்று பக்கத்திலேயே உண்டு என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்பி எழுதிவிடக் கூடாது.

இந்தப் பகுதி முழுவதும் ஜிசி (டிஎன்ஏவின் ஜி, சி எழுத்துகள்) மிகுந்தது. பிசிஆர் சுழற்சி கொஞ்சம் மாறினாலும் டெப்த் (ஓரிடத்தில் விழும் ரீடுகளின் எண்ணிக்கை) சரிந்துவிடும். அதனால் ஒப்பீட்டு மாதிரிகள் அதே கிட்டில், அதே பேட்சில் தயாரானவையாக இருக்க வேண்டும். பத்துக்குக் குறைந்தால் எனக்குத் திருப்தி இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர் மாதிரிகளைச் சேர்க்காதீர்கள், ஒரே நீக்கம் இருபக்கமும் இருந்தால் ஒன்றையொன்று மறைத்துவிடும். நம் ஊரில் ஒப்பீட்டுக் கூட்டத்திலும் ஓரிருவர் நீக்கத்தைச் சுமப்பவர்களாக இருப்பார்கள். சராசரியை விட்டு இடைநிலையை எடுப்பது அதற்காகத்தான்.

கிடைத்த முடிவை, நீக்கத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே டிஎன்ஏவைப் பெருக்கும் கேப் பிசிஆரில் உறுதி செய்ய வேண்டும். அதன் பிரைமர்கள் தெரிந்த முறிவிடங்களுக்கு மட்டுமே பொருந்தும், எக்ஸோமில் 0.5, கேப் பிசிஆரில் ஒன்றுமில்லை என்று வந்தால், பிரதி எண்ணை நேரடியாக அளக்கும் எம்எல்பிஏ சோதனைக்கு அனுப்பிய பிறகே அறிக்கை எழுதுங்கள்.