13 யூனிட்

ஜூன் 12, 2025, வியாழன்

காலை ஏழு மணிக்குக் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. ஆகஸ்டில் தொடங்கும் ஃபால் செமஸ்டருக்குக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்களாம். பெருமைப்பட ஒன்றுமில்லை, இரண்டு வருஷப் படிப்பு தரும் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் விண்ணப்பித்த எல்லோரையும் சேர்த்துக்கொள்வார்கள். இருந்தாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன்.

நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் வந்தது போன ஜூலையில். அமெரிக்காவில் இருக்கும் மாமா அம்மாவுக்காகக் குடியேற்ற மனுப் போட்டது 2005-இல், நான் பிறந்தது 2006-இல். அந்த மனுவுக்கு என்னைவிட ஒரு வயது அதிகம். எங்கள் முறை வந்தபோது நான் ப்ளஸ் டூ முடித்து, நீட் எழுதிவிட்டுக் கும்பகோணத்தில் உட்கார்ந்திருந்தேன். 720-க்கு 498. படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் வரமாட்டேன். இன்னொரு வருஷம் கோச்சிங் போவதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்த வாரத்தில்தான் விசா வந்தது.

வந்தவுடனே கல்லூரியில் சேர்ந்திருக்கலாம். ஆனால் கலிஃபோர்னியாவில் ஒரு வருஷமும் ஒரு நாளும் குடியிருந்தால்தான் உள்ளூர்க் கட்டணம், யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர். அதற்கு முன் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு. அதனால் ஒரு வருஷம் கடையில் நின்றேன். "ஒரு வருஷம் வீணாப் போச்சேடி" என்று அம்மா இன்னும் சொல்கிறாள். கும்பகோணத்தில் என்னோடு படித்தவர்களில் இரண்டு பேர் எம்பிபிஎஸ் முதல் வருஷத்தை முடிக்கப் போகிறார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

இங்கே ப்ளஸ் டூ முடித்தவுடன் மெடிக்கல் காலேஜ் கிடையாது. முதலில் நாலு வருஷ டிகிரி, அதற்குள் எம்கேட் என்ற நுழைவுப் பரீட்சை, அப்புறம் நாலு வருஷம் மெடிக்கல் ஸ்கூல், அதற்கு மேல் ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி. அப்பாவிடம் இதைச் சொன்னபோது விரல்விட்டு எண்ணினார். பத்து விரலும் தீர்ந்ததும் "சரி, சாப்பிடு" என்றார்.

கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு வருஷம், 60 யூனிட். பிறகு யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கு டிரான்ஸ்ஃபர். டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் தகுதி இருந்தால் முன்கூட்டியே இடம் உறுதி செய்து தரும் ஏற்பாடு உண்டு (எல்லாப் பாடப்பிரிவுக்கும் இல்லை). பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியேகோவும் அந்த ஏற்பாட்டில் இல்லை. தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனால் எல்லோரும் கேட்பது அந்த மூன்றைத்தான்.

ராத்திரி கல்லூரியின் பாடப் பட்டியலைத் திறந்து நோட்டில் எழுதினேன்: கெமிஸ்ட்ரி 5 யூனிட், பயாலஜி 5, அனாட்டமி 4, ப்ரீகால்குலஸ் 4, இங்கிலீஷ் 4. மொத்தம் 22. எழுதி முடித்தபோது பாதி டாக்டர் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

ஜூலை 2, புதன்

கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்று ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைப் பார்த்தேன். அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நடுத்தர வயது அம்மா, மேசையில் ஒரு சின்னக் கள்ளிச்செடி. என் நோட்டை வாங்கிப் பார்த்தார். முதலில் சிரிக்கவில்லை, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். 18 யூனிட்டுக்கு மேல் எடுக்கத் தனி அனுமதி வேண்டும், முதல் செமஸ்டரில் யாருக்கும் தரமாட்டார்களாம்.

அவர் முதலில் அடித்தது அனாட்டமியை. எனக்குச் சுருக்கென்றது, டாக்டருக்குப் படிப்பதில் மனித உடல் பாடத்தைத்தான் முதலில் அடிப்பார்களா? அவர் பொறுமையாகச் சொன்னார். கம்யூனிட்டி காலேஜில் அந்தப் பாடம் பெரும்பாலும் நர்சிங்குக்கும் அதையொட்டிய படிப்புகளுக்கும் போகிறவர்களுக்காக. மெடிக்கல் ஸ்கூல்கள் பொதுவாக எதிர்பார்ப்பது லேப்போடு ஒரு வருஷம் பயாலஜி, ஒரு வருஷம் பொதுக் கெமிஸ்ட்ரி, ஒரு வருஷம் ஆர்கானிக், ஒரு வருஷம் ஃபிசிக்ஸ், இவற்றோடு பயோகெமிஸ்ட்ரி, இங்கிலீஷ், கொஞ்சம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். 2015-இல் எம்கேட்டை மாற்றியதிலிருந்து சைக்காலஜி, சோஷியாலஜியும் அதில் கேட்கிறார்கள். அனாட்டமியை மெடிக்கல் ஸ்கூலே சொல்லிக்கொடுக்கும்.

அடுத்து பயாலஜி. அதுவும் போச்சு, மிச்சம் 13 யூனிட். பயாலஜியை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கான வகுப்புக்கு முதல் கெமிஸ்ட்ரி முடித்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி.

பிறகு என் நோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் அவரே ஒரு படம் போட்டார். கெமிஸ்ட்ரி முதல் பாகம், அதிலிருந்து ஓர் அம்பு இரண்டாம் பாகத்துக்கு, அங்கிருந்து ஆர்கானிக் ஒன்று, ஆர்கானிக் இரண்டு. ஆக நாலு செமஸ்டர். அதாவது நான் இங்கே இருக்கப்போகிற இரண்டு வருஷம் முழுக்க. முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரி கிடைக்கவில்லை என்றால் கடைசிப் பெட்டி பிளாட்ஃபாரத்துக்கு வெளியே நிற்கும். கணக்கும் அப்படித்தான்: ப்ரீகால்குலஸ், கால்குலஸ், அப்புறம்தான் ஃபிசிக்ஸ். மற்ற பாடங்களை எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம்.

கணக்கு என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் பியூர் சயின்ஸ் குரூப். பாட்டனி, ஜுவாலஜி, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டவள். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று அன்றைக்குத் தெரு முழுக்கச் சொன்னது.

எழுந்திருக்கும்போது கேட்டேன், 13 யூனிட் குறைவு இல்லையா என்று. "முழுநேர மாணவி என்பதற்கு 12 போதும். வாரத்தில் எத்தனை மணி நேரம் கடையில் நிற்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டார். 25 என்றேன். பேனாவை மூடிவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

மாமா வீட்டில் சாப்பாடு. வத்தக்குழம்பு, அப்பளம், பேச்சு முழுக்க என் படிப்பு.

அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபது வருஷ சர்வீஸ். "இங்க பாரும்மா, அனாட்டமிய எடுத்துடு. ரெண்டு வருஷத்துல நர்சிங்குல சேர்ந்தீன்னா சம்பளம் கைக்கு வந்துடும். டாக்டர் கனவை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அப்பாவின் முகம் பளிச்சென்று ஆனது. மாமா மட்டும், "பாப்பா கவுன்சிலர்கிட்ட கேட்டுட்டு வந்திருக்குல்ல, விடு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் ஆஸ்பத்திரியை உள்ளேயிருந்து பார்த்த ஒரே ஆள் அத்தைதான். அவர் பேச்சை எப்படித் தள்ளுவது? அதிலும் அவர் சொல்வது தப்பில்லை. இங்கே வருஷத்துக்கு 50,000 பேருக்கு மேல் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கிறார்கள், கிடைப்பது சுமார் 23,000 பேருக்கு. ஆனால் இரண்டு பாதைக்கும் ஒரே செமஸ்டரில் கால் வைத்தால் கெமிஸ்ட்ரியில் கோட்டை விடுவேன் என்று தோன்றியது.

பாத்திரம் தேய்க்கும்போது அத்தையிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கெமிஸ்ட்ரில சி வந்தா என்கிட்ட வா, அப்ப பேசிக்கலாம்" என்றார். கோபமா இல்லையா என்று இப்போதும் தெரியவில்லை.

ஜூலை 30, புதன்

இன்று பதிவு. புது மாணவர்களுக்குக் கடைசியில்தான் நாள் கிடைக்கும். எனக்கு மதியம் 2:20. கடையில் பருப்பு அடுக்குக்குப் பின்னால் நின்று போனில் போட்டேன். இங்கிலீஷ் கிடைத்தது, ப்ரீகால்குலஸ் கிடைத்தது. கெமிஸ்ட்ரி எல்லாப் பிரிவும் நிரம்பிவிட்டது. சாயங்காலப் பிரிவில் வெயிட்லிஸ்ட், ஏழாவது ஆள்.

இங்கிலீஷுக்குப் பரீட்சை எதுவும் வைக்கவில்லை. நாமே யோசித்து, நேராகக் கல்லூரிப் பாடத்தில் உட்காரலாம். பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்தவள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கெமிஸ்ட்ரிக்கு மட்டும் போன வாரம் ஒரு தேர்வு வைத்தார்கள். மோல் கணக்கு, சமன்பாடு, அணு அமைப்பு. நீட் படித்த கைக்கு அது இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சர்க்கரை.

படிப்புக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி ஆகிவிட்டது. அப்பாவின் வருமானத்துக்கு கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் கிடைத்தது. மருத்துவக் கட்டணமும் பார்க்கிங்கும் புத்தகமும் நம் பாடு. பார்க்கிங் நமக்கு எதற்கு, பஸ்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஒரு மாதமாக ஏழு, ஆறு, ஆறு, ஐந்து என்று வெயிட்லிஸ்ட் இறங்கி, நேற்று நான்கில் நின்றது.

சாயங்காலம் ஆறு மணி வகுப்புக்கு ஐந்தேகாலுக்கே போய் வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் பெயிண்ட் படிந்த ஷூவோடு ஒருவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண். லேப்பில் 24 இடம். பேராசிரியர் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பதில் இல்லாத ஒவ்வொரு பெயருக்கும் எங்கள் கூட்டம் லேசாக முன்னால் நகரும். ஒருவர் வரவில்லை என்பதில் இவ்வளவு சந்தோஷப்படுவது பாவம்தான். ஐந்து பேர் வரவில்லை.

எனக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு எண். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த எண்ணைப் போட்டுப் பதிவு செய்துவிட்டேன். 13 யூனிட்.

ஆகஸ்ட் 27, புதன்

முதல் லேப். மானம் போனது.

தண்ணீரின் அடர்த்தி காண வேண்டும். 10 மில்லி பிப்பெட்டில் தண்ணீர் எடுத்து, பீக்கரில் விட்டு, எடை போட வேண்டும். ப்ளஸ் டூ பிராக்டிக்கலில் எத்தனை தடவை செய்திருப்பேன்! கண்ணாடி, கோட்டு, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் பிப்பெட்டைத் தூக்கி வாயில் வைத்து உறிஞ்சிவிட்டேன். கோடு வரை ஏறியதும் ஆள்காட்டி விரலால் மூடினேன். ஒரு சொட்டு பிசகவில்லை.

பேராசிரியர் லேப்பின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார். அவ்வளவு வயதானவர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "அது தண்ணீர்தான், சார்" என்றேன். இன்றைக்குத் தண்ணீர், அடுத்த மாதம் அமிலம் என்றார். மேசையில் ஒரு ரப்பர் பல்ப் இருந்தது. அது எதற்கு என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கும்பகோணத்தில் எங்கள் லேப்பில் நாங்கள் எல்லோரும் வாயால்தான் உறிஞ்சினோம், ஒருநாளும் விபத்து நடந்ததில்லை. உதடு எரிந்தது மட்டும் உண்டு.

பல்பை வைத்து எடுக்க ஏழு தடவை முயன்றேன். தண்ணீர் கோட்டைத் தாண்டுகிறது, இல்லாவிட்டால் பல்புக்குள்ளேயே ஏறிவிடுகிறது. பக்கத்து மேசைக்காரர் (அந்தப் பெயிண்ட் ஷூ) இரண்டாவது தடவையிலேயே எடுத்துவிட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று நள்ளிரவு வரை ஒரு பாடத்தை விட்டாலும் மார்க் பட்டியலில் தடம் இருக்காது. நாளையிலிருந்து விட்டால் 'டபிள்யூ' (பாதியில் விட்டவள் என்ற அடையாளம்) என்று நிற்கும்.

முதல் கெமிஸ்ட்ரி குவிஸில் 100-க்கு 61. தனிம வரிசை அட்டவணையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். விடையெல்லாம் சரி. ஆனால் 2.5-ஐ 3.42-ஆல் பெருக்கி 8.55 என்று எழுதிவிட்டேன், 8.6 என்று எழுதியிருக்க வேண்டுமாம். பெருக்கும் எண்களில் எதில் நம்பத் தகுந்த இலக்கம் குறைவோ அத்தனை இலக்கம்தான் விடையிலும். ஆறு கேள்வியிலும் இதே தப்பு. நீட்டில் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எத்தனை இலக்கம் எழுதுவது என்ற கேள்வியே எழாது.

ராத்திரி பதினொரு மணி வரை அந்த 'டிராப்' பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டு அடுத்த செமஸ்டரான ஸ்பிரிங்கில் மறுபடி எடுக்கலாம், ஆனால் கவுன்சிலர் போட்ட அம்புகள் எல்லாம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். தங்கி, சி வாங்கினால் இன்னும் மோசம். மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் எந்தக் கல்லூரியில் படித்த எந்தப் பாடமானாலும் காட்ட வேண்டும். திரும்பப் படித்து ஏ வாங்கினாலும் பழைய மார்க்கையும் கூட்டித்தான் சராசரி போடுவார்கள். பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணக்குக்குத் தனியாக ஒரு சராசரி வேறு. கம்யூனிட்டி காலேஜ் மார்க்கு யாருக்குத் தெரியப்போகிறது என்று கடையில் ஒரு அங்கிள் சொன்னார். எல்லோருக்கும் தெரியும், அங்கிள்.

அம்மா தூங்கவில்லை. "என்னடி?" என்றாள். குவிஸ் தாளைக் காட்டினேன். அவள் மார்க்கைப் பார்க்கவில்லை, திருத்தியிருந்ததைப் பார்த்தாள். "எல்லாத்துலயும் ஒரே தப்புதானே பண்ணியிருக்க? ஆறு விதமாப் பண்ணியிருந்தாத்தான் கஷ்டம்" என்றாள்.

லேப்டாப்பை மூடினேன். 11:40.

செப்டம்பர் 23, செவ்வாய்

இரண்டாவது குவிஸ் 88. ப்ரீகால்குலஸில் 74, அதைப் பற்றி இன்று எழுதப்போவதில்லை. இங்கிலீஷ் கட்டுரையில் பேராசிரியை எல்லா 'the'-யையும் வட்டம் போட்டிருக்கிறார். போட்ட இடத்திலும் வட்டம், போடாத இடத்திலும் வட்டம்.

லேப்பில் பியூரெட் வந்தது. பெயிண்ட் ஷூக்காரர் 24.8 என்று எழுதினார். நான் 24.85 என்றேன். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இன்னொரு இலக்கம் கண்ணாலேயே மதிப்பிட வேண்டும் என்றேன். எப்படி என்று கேட்டார். முட்டி போட்டுக் கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தேன். ஐந்தடி பத்தங்குல ஆள், வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டு வருகிறவர், நான் சொன்னபடி முட்டி போட்டு ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "85," என்றார். அவர் நர்சிங்குக்குப் போகிறாராம். அடுத்த செமஸ்டரில் அனாட்டமி.

பதிலுக்கு எனக்குப் பல்பைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். பிப்பெட்டுக்குள் செருகக் கூடாது, நுனியில் சும்மா அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். மூன்றாவது தடவை கோட்டில் நின்றது.

ஸ்பிரிங் பதிவு நவம்பரில். 13 யூனிட் கணக்கில் ஏறப்போகிறது என்பதால் இந்த முறை புது மாணவர்களுக்கு முன்னால் எனக்கு நாள் கிடைக்கும். கெமிஸ்ட்ரி இரண்டாம் பாகம், கால்குலஸ், சைக்காலஜி. அன்று கடையில் லீவு சொல்லிவிட வேண்டும்.