சாரல் காலத்துக்கு ரோடு பைக்கில் கிளிப்-ஆன் மட்கார்டு

சாரல் இறங்கிவிட்டால் செங்கோட்டையிலிருந்து புளியரை ஏறி கேரளத்து ஆரியங்காவு போகிற ரோடு எளிதில் காயாது. மேலே விழும் மழையைவிட, சைக்கிளின் பின்சக்கரம் வாரி முதுகில் அடிக்கும் சேறுதான் பெரும் தொல்லை.

ரோடு பைக்குகள் (மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிள்கள்) பலவற்றில் மட்கார்டு போல்ட்டுக்குத் துளையே இருக்காது, அதற்குத்தான் ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்ளும் கிளிப்-ஆன். டயருக்கும் பிரேக்குக்கும் நடுவே 5 மி.மீ. கூட இல்லையென்றால் முழு நீள மாடல் வேண்டாம், பிரேக்குக்கு இருபுறமும் தனித்தனித் துண்டாக வருவதே சரி.

ஃபோர்க்கையும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) சீட்ஸ்டேயையும் (சீட்டுக்கு அடியிலிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்கும் குழாய்கள்) நன்றாகத் துடைத்து, ரப்பர் பட்டை உட்காரும் இடத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் ரப்பருக்கு அடியில் மணல் புகுந்து பெயின்ட்டை அரைத்துவிடும். தயவுசெய்து சோம்பல்படாதீர்கள். கார்டுக்கும் டயருக்கும் 1 செ.மீ. விடுங்கள், ஒட்டி வைத்தால் சேறு அடைத்து உரசும். இரு பக்கப் பட்டைகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இழுத்தால் கார்டு கோணிக்கொள்ளும்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் பிடித்துப் பாருங்கள். ஹேண்டிலைத் திருப்பி, கால்விரல் முன் கார்டில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

குண்டும் குழியுமான ரோட்டில் பட்டை தளரும். கேரளப் பக்கம் இறங்கும் முன் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள். பையில் நாலு கேபிள் டை இருக்கட்டும்.