சிகிச்சை தெரிந்தவர்கள் தேர்வில் தவறுவது ஏன்?

இராமநாதபுரம் கடலோரத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில், பொது மருத்துவத்தில் டி.என்.பி. என்னும் முதுநிலைப் படிப்பைப் பயிலும் இளம் மருத்துவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அண்மைக் காலமாக இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்களில் தவறுகிறவர்கள் கூடிவருகிறார்கள். "இப்போது வருகிற பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று மூத்தவர்கள் சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது கடல்பாம்பு கடித்த மீனவர் ஒருவரை ஓர் இரவில் கொண்டுவந்தார்கள். கடிவாயில் வீக்கமில்லை, ஆனால் உடம்பெல்லாம் வலி, தாடை இறுக்கம், கருத்த சிறுநீர். பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் தசைகள் சிதைவதை உடனே உணர்ந்து, பொட்டாசியம் ஏறுகிறதா என்று கவனித்து, சிறுநீரகத்தைக் காக்கத் திரவம் ஏற்றினார். இங்கே கிடைக்கும் நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கே உரியது, கடல்பாம்புக்கு அன்று என்பதை உறவினர்களுக்குப் பொறுமையாக விளக்கி, டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று மதுரைக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்தார். அவரும் அந்த ஆண்டு எழுத்துத் தேர்வில் தவறினார்.

முதுநிலைப் படிப்பில் சேர்வதற்கான நீட் தேர்வில் 200 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் போதும். டி.என்.பி. இறுதித் தேர்விலோ நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். மொத்தம் 400-இல் 200 பெற வேண்டும். ஒரு தாளில் பத்துக் கேள்விகள் என்றால், ஒன்றுக்குப் பதினெட்டு நிமிடம். அதற்குள் நோயின் காரணம், போக்கு, பரிசோதனை, சிகிச்சை அனைத்தையும் முறைப்படுத்திக் கையால் எழுதியாக வேண்டும். விடையைத் தெரிந்தெடுக்க மட்டும் ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கு அந்த எழுத்தை யாரும் கற்பிக்கவில்லை என்பதே என் மதிப்பீடு. தவறிய மாணவர்களிடம் பேசும்போது, "தெரியும் சார், ஆனால் எழுதி முடிக்க முடியவில்லை" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது.

எனினும் எழுத்துப் பயிற்சி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. முழுக்கத் தெரிந்தெடுக்கும் வினாக்களால் ஆன அமெரிக்க உள்மருத்துவ (பொது மருத்துவ) வாரியத் தேர்விலும், முதன்முறை எழுதியவர்களின் தேர்ச்சி 2013-இல் 78 சதவீதமாக இறங்கியது. பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தை அங்கே 2003-இல் வாரத்துக்கு 80 மணியாக வரையறுத்திருந்தார்கள். நோயாளிகளோடு செலவிடும் நேரம் அதனால் குறைந்துவிட்டதோ என்ற விவாதம் அங்கு எழுந்தது. நம் கரையில் நிலைமை நேர்மாறானது. ஆட்பற்றாக்குறையால் இரவுப் பணி முடித்தவர் மறுநாள் வார்டையும் பார்க்கிறார்; நோயாளிகளுக்குக் குறைவில்லை, கண்டதைப் பற்றி உட்கார்ந்து பேசவும் படிக்கவும்தான் நேரமில்லை.

ஆகவே வாரத்தில் ஒரு பிற்பகலை எழுதுவதற்கும், எழுதியதைத் திருத்தித் தருவதற்கும் ஒதுக்கியிருக்கிறோம். வார்டில் பார்த்த நோயாளியையே கேள்வியாக்கிக் கொடுக்கிறேன். கடல்பாம்புக் கடியும் திருக்கை முள் குத்திய காயமும் அப்படித்தான் கேள்விகளாயின. அவசரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தால் அந்த வகுப்பு பாதியில் கலைந்துவிடுகிறது. அந்த நேரத்தைப் பணிப் பட்டியலிலேயே எழுதி, அவசரப் பிரிவை அப்போது நிரந்தர மருத்துவர்கள் கவனிக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.