எதை மேலும் படிப்பது?

போன மாதம் ஒரு நாள், நண்பர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பராமரிக்கும் கட்டுரைத் தளத்தைத் திறந்தார். அவருக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்துத்தான் கணினியில் எல்லா வேலையும் பார்க்கிறார். இன்சர்ட் விசையோடு எஃப்7-ஐ அழுத்தினார். பக்கத்தில் இருந்த சுட்டிகள், அதாவது லிங்க்குகள், மட்டும் தனிப் பட்டியலாக வந்தன. கீழ் அம்புக்குறியைத் தட்டத் தட்டக் குரல் வாசித்தது: "மேலும் படிக்க. மேலும் படிக்க. மேலும் படிக்க." பன்னிரண்டு முறை.

"எதைங்க மேலும் படிக்கிறது?" என்று கேட்டார்.

கண்ணால் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. மேலே தலைப்பு, அப்புறம் மூன்று வரி முன்னோட்டம், அதன் அடியில் சுட்டி. இருக்கும் இடத்தை வைத்தே எது எதற்கு உரியது என்று புரிந்துவிடும். பட்டியலில் அந்த இடம் இல்லை, வெறும் சொல்தான் மிஞ்சுகிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்காக 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் 2.0 பதிப்பு, ஒரு சுட்டி எதற்கானது என்பது அதன் சொற்களிலிருந்தோ, சொற்களோடு சூழலையும் சேர்த்துப் பார்த்தோ தெரிய வேண்டும் என்கிறது. அந்தச் 'சூழல்' என்ற சலுகையைத்தான் நான் இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே விட்டுவிட்டேன். இப்போது தலைப்பே சுட்டி. 'மேலும் படிக்க' எங்கேயும் கிடையாது.

அதைச் சரிசெய்யும்போதுதான் பக்கத்தின் அடியில் இருந்த 'முந்தைய', 'அடுத்த' இரண்டும் கண்ணில் பட்டன. எங்கள் தளத்தில் புதிய கட்டுரைதான் முதலில் வரும். அப்படியானால் 'முந்தைய' என்பது என்ன? காலத்தால் முந்தையதா, இப்போதுதான் கடந்து வந்த பக்கமா? தமிழில் அந்தச் சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது. பழைய கட்டுரையைத் தேடுகிறவர் 'முந்தைய'வை அழுத்துவார், அது அவரைப் புதியவற்றிடம் கொண்டுபோய் விடும். இடம் வலம் என்று அம்புக்குறி போட்டுப் பார்த்தேன், குழப்பம் தீரவில்லை. கடைசியில் 'பழைய கட்டுரைகள்', 'புதிய கட்டுரைகள்' என்று எழுதினேன். இவ்வளவு எளிதாக இருந்ததை எத்தனையோ மாதம் தள்ளிப்போட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மெனுவில் வேறு சிக்கல். நம் சொற்கள் நீளமானவை. 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' கைபேசித் திரையில் மூன்று வரியாக மடிந்து, பக்கத்தில் இருந்த 'முகப்பு'வை ஓரத்துக்குத் தள்ளியது. எழுத்தைச் சிறிதாக்குவது தீர்வே இல்லை. ஏற்கெனவே கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற அளவில்தான் இருந்தது. 'கேள்வி பதில்' என்று மாற்றினேன், ஒரே வரியில் அடங்கிவிட்டது. அப்படியே விரலுக்கு இடம் விட்டு, வரிகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன். அதே அணுகல் வழிகாட்டியின் 2023இல் வந்த 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் (இணையப் பக்கத்தில் அளவைக் குறிக்கும் அலகு) இருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றிலும் போதிய இடைவெளி வேண்டும் என்கிறது. பெருவிரலால் தட்டிப் பார்த்தால் 24 எனக்குப் போதவில்லை, 44 வைத்தேன்.

சொற்களை மாற்றினேனே தவிர, பக்க முகவரிகளில் கை வைக்கவில்லை. ஒரே ஒரு பிரிவின் முகவரியை மாற்ற வேண்டி வந்தது. அதற்கு 301 திருப்புதல் போட்டு, பழைய முகவரியை எங்கோ குறித்து வைத்திருப்பவரும் புதிய இடத்துக்கே வந்து சேரும்படி செய்தேன்.

இரண்டு வாரம் கழித்து நண்பர் மறுபடி வந்தார். அதே விசைகள், அதே பட்டியல். இந்த முறை குரல் ஒவ்வொரு தலைப்பாக வாசித்துக்கொண்டே போனது. ஏழாவதில் நிறுத்தி என்டரைத் தட்டினார். எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். "கொஞ்சம் இருங்க" என்று கையைக் காட்டிவிட்டுக் கட்டுரையைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.