பயனில்லாத நாட்கள்

கருமுட்டை வெளியாகப் போகிறது என்று காட்டும் கிட்டில் இரண்டாவது கோடு அடர்த்தியாக விழுந்த காலை, அதைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். கூடவே ஒரே வரி: "இன்னிக்கு லேட் பண்ணாதீங்க." அவர் அலுவலகத்தில் ஏதோ கூட்டத்தில் இருந்தாராம். அந்தப் படத்தைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது என்று பல மாதம் கழித்துத்தான் சொன்னார். அன்று இரவு ஒன்றும் நடக்கவில்லை. அவரால் முடியவில்லை. "இந்த மாசமும் போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த மூன்று வார்த்தைகளுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அது நாங்கள் குழந்தைக்கு முயன்ற ஐந்தாவது மாதம். எனக்கு 31 வயது, அவருக்கு 34. முதல் நான்கு மாதங்கள் போன விதத்தை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும் என்று எங்கோ படித்து அதையே பிடித்துக்கொண்டேன். என் சுழற்சியோ 34 நாள். கருமுட்டை வெளியாவது அடுத்த பீரியட்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு. அப்படிப் பார்த்தால் எனக்கு அது 20ஆம் நாள் வாக்கில் வரும். அவர் பங்குக்கு அவரும் ஒன்று நம்பினார்: சேர்த்து வைத்தால் வீரியம் கூடும் என்று. எனவே பத்து நாள் விரதம், 14ஆம் நாள் ஒரு முறை, மறுநாள் காலை இன்னொரு முறை, அதோடு அந்த மாத வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினோம். கருமுட்டை வருவதற்குள் நாங்கள் கடையைக் கட்டிவிட்டிருந்தோம்.

அப்புறம்தான், கருமுட்டையை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோன் சிறுநீரில் ஏறுவதைக் காட்டும் அந்தக் கிட்டை வாங்கினேன். கணக்கு சரியானது, ஆனால் படுக்கை பரீட்சைக்கூடமாக மாறியது. இரண்டு மாதம் அப்படியே போயிற்று. முதல் மாதம் அவருக்கு முடியவில்லை. அடுத்த மாதம் முடிந்தது, எனக்கு வலித்தது. மனம் ஒட்டாமல், அவசரத்தில், உடல் தயாராகாமல் செய்தால் வறட்சியும் எரிச்சலும்தான் மிச்சம். அதற்கு லூப்ரிகன்ட் வாங்கினோம். அது வேறு ஒரு கதை.

35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள் மருத்துவர்கள், 35ஐத் தாண்டியவர்களை ஆறு மாதத்தில். பீரியட்ஸ் ஒழுங்காக வராதவர்கள், உறவின்போது வலி உள்ளவர்கள் இந்தக் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் ஏழாவது மாதமே போனோம். குழந்தை வரவில்லை என்பதைவிட, நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தொடவே பயப்பட ஆரம்பித்துவிட்டோம் என்பதுதான் காரணம். அதை மருத்துவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே கேட்டார்: "வாரத்துக்கு எத்தனை தடவை?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "மாசத்துக்கு ரெண்டு, மூணு" என்றார் கணவர். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் விளக்கியதில் என் தலையில் ஆணி அடித்தாற்போல் பதிந்தது இதுதான். வெளிவந்த கருமுட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணுவோ நல்ல சூழல் இருந்தால் பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே கருத்தரிக்க வாய்ப்புள்ளது கருமுட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். விந்தணு முன்னாலேயே போய்க் காத்திருக்க வேண்டும், கருமுட்டை வந்த பிறகு ஓடுவது பெரும்பாலும் தாமதம். கிட்டில் கோடு விழுந்த பிறகும் ஒரு நாள், ஒன்றரை நாள் அவகாசம் இருக்கிறது. "அந்த ஒரு ராத்திரி தவறிட்டா எல்லாம் போச்சுன்னு யாரும்மா சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டதுதான்.

மாதம் முழுக்க இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை சேர்ந்தாலே போதும், கிட்டும் காலண்டரும் இல்லாமலே அந்த ஆறு நாளில் இரண்டு முறையாவது விழுந்துவிடும் என்றார். கவனிக்க விரும்பினால், வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, இழுத்தால் நூலாக நீளும்போது ஒன்றுவிட்டு ஒரு நாள். தினமும் தோன்றினால் தினமும், தப்பில்லை. சேர்த்து வைக்கும் கதையைச் சொன்னபோது சிரித்துவிட்டார். நீண்ட இடைவெளியில் எண்ணிக்கை கூடலாம், ஆனால் தேங்கிக் கிடந்த விந்தணுக்களின் நீந்தும் திறன் குறைந்துவிடுமாம்.

பிறகு என் ரகசியங்களை ஒவ்வொன்றாகக் கொட்டினேன். உறவு முடிந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்து இருபது நிமிடம் படுப்பேன், ஒருமுறை கால் மரத்துப்போய் எழ முடியாமல் கணவர்தான் தூக்கிவிட்டார். தேவையே இல்லையாம். விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாயைத் தாண்டிவிடுகின்றன. வெளியே வழிவது பெரும்பாலும் திரவம்தான். எந்த நிலையில் சேர்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வீணாகிவிடும் என்று பயந்து சிறுநீர் போகாமல் அடக்குவேன், அதனால் நீர்த்தாரைத் தொற்று வந்து ஒரு வாரம் அவதிப்பட்டேன். சிறுநீர் வேறு வழி, விந்து போவது வேறு வழி என்பதைப் படித்த பெண்ணான எனக்கு ஒருவர் நினைவூட்ட வேண்டியிருந்தது! உள்ளே சோப்பு விட்டுக் கழுவுவதையும் நிறுத்தச் சொன்னார்.

லூப்ரிகன்ட் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணமாகக் கிடைப்பவற்றில் பலவும் விந்தணுவின் ஓட்டத்தை மந்தமாக்குகின்றன, எச்சிலும்தான். கருத்தரிக்க முயல்பவர்களுக்கென்றே தயாரித்தவை இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்கச் சொன்னார். "ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க" என்றார். கல்யாணமான புதிதில் எங்களிடம் தாராளமாக இருந்தது அந்த நேரம். குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த அன்றே அதைத் தொலைத்துவிட்டிருந்தோம்.

கணவருக்கும் பரிசோதனை செய்தார்கள், எனக்குச் செய்த அதே வாரத்தில். கருத்தரிக்காததற்குப் பெண்ணை மட்டும் குடைந்துகொண்டிருப்பது வீண் வேலை, இதில் ஆணின் பங்கு சிறியதல்ல. விந்துப் பரிசோதனைக்கு இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி வேண்டும், மாதிரியை உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். டப்பாவைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு அவர் போன காட்சியை நான் இன்னும் கிண்டல் செய்வதுண்டு. எண்ணிக்கை நன்றாக இருந்தது. முன்னோக்கி நீந்துபவை மட்டும் 28 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழ் அளவு 30. பதறாதீர்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறதாம். கணவர் சிகரெட்டை விட்டார், மடியில் லேப்டாப் வைப்பதை விட்டார், சுடுநீர்த் தொட்டியில் ஊறுவதை விட்டார். விதைப்பைக்கு உடம்பைவிடச் சற்றுக் குறைந்த சூடுதான் ஒத்துக்கொள்ளும். எனக்கு மருத்துவர் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எழுதிக்கொடுத்தார், கரு தங்கும் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை அது.

இதெல்லாம் எளிதாக இருந்தது. திரும்ப நெருங்குவதுதான் கஷ்டம். அன்று வீட்டுக்கு வந்து, முதல் முறையாக அந்த ஐந்தாம் மாத இரவைப் பற்றிப் பேசினோம். "நீ அந்தப் படத்தை அனுப்பினா என்னவோ டெலிவரி ஆர்டர் வந்த மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அது உண்மைதானே. நான் தேதி சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். இன்று வேண்டாம் என்று யார் சொன்னாலும் காரணம் கேட்பதில்லை என்று இருவருமே.

கிட்டை இழுப்பறையில் போட்டேன். நிறுத்தியதும் ஆசை பொங்கி வழிந்தது என்றெல்லாம் இல்லை. இரண்டு வாரம் சும்மா கட்டிக்கொண்டு தூங்கினோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. என் கணக்குப்படி கருமுட்டை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. பயனில்லாத நாள். நடுவில் ஏதோ சொல்லிச் சிரித்தோம், பாதியில் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தோம், அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை, எனக்கு வலிக்கவில்லை. அதன் பிறகு வேண்டுமென்றே பயனில்லாத நாட்களையும் விடாமல் பிடித்துக்கொண்டோம். அவற்றில் பழகிப் பழகித்தான் பயனுள்ள நாட்களின் பயம் போயிற்று. அதற்கிடையில் இரண்டு முறை பீரியட்ஸ் வந்தது, இரண்டு முறையும் அழுதேன்தான்.

பத்தாவது மாதம் அவருடைய மறுபரிசோதனையில் 36 சதவீதம் வந்தது. அந்த முடிவை வாங்கிய வாரமே எனக்கு நாள் தள்ளியிருந்தது. உறுதியானதும் அதே மருத்துவரிடம் போனோம். கடைசி பீரியட்ஸ் தேதியைக் குறித்துக்கொண்டவர், "ஓவுலேஷன் எப்போன்னு ஏதாவது ஐடியா இருக்கா?" என்று கேட்டார். ஒரு காலத்தில் மணி சுத்தமாகக் குறித்து வைத்த நான் திருதிருவென விழித்தேன்.

"நடுவுல எப்பவோ டாக்டர்" என்றார் கணவர்.

"சரி, ஸ்கேன்ல பாத்துக்கலாம்" என்று அவர் எழுத ஆரம்பித்தார்.