ரேம் கலந்து போடலாமா?

"ஒரே கம்பெனி ரேம் எண்டால்தான் வேலை செய்யும்" என்று யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் வைத்திருக்கிற எல்லாருக்கும் யாராவது ஒரு அண்ணை சொல்லியிருப்பார். நான் இதை நம்புவதில்லை. மேலே ஒட்டின ஸ்டிக்கர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கிற சிப் பெரும்பாலும் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் இந்த மூன்றில் ஒன்றினுடையதுதான். ஒரே மாடல் நம்பரில் வாங்கின இரண்டுக்குள்ளேயே வேறு வேறு சிப் இருப்பதும் உண்டு.

பார்க்க வேண்டியது ரேமின் தலைமுறையை, இரண்டும் ஒரே டிடிஆராக இருக்க வேண்டும். டெஸ்க்டொப்பில் டிடிஆர்3 என்றால் 240 பின், 1.5 வோல்ட், டிடிஆர்4 என்றால் 288 பின், 1.2 வோல்ட். டிடிஆர்5க்கும் 288தான், ஆனால் நடுவில் இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும், எனவே டிடிஆர்4 ஸ்லொட்டில் போகாது, போகாததை அழுத்தவும் வேண்டாம்.

வேகம் வித்தியாசமாக இருந்தால் பரவாயில்லை. வண்டில் சவாரியில் சோடி மாடு மாதிரி, மெதுவானதின் ஓட்டம்தான் இரண்டுக்கும். பக்கத்து வீட்டுத் தம்பி ஏ.எல். படிக்கிறான், அவனுடைய மெஷினில் 2400 வேகத்தில் 4 ஜிபி இருந்தது, பழைய சாமான் விற்கிற கடையொன்றில் 3200 வேகத்தில் 8 ஜிபி ஒன்றை வாங்கிவந்து போட்டோம், இரண்டும் 2400இல் ஓடுகின்றன. மெஷினின் விபரம் காட்டுகிற சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்தவன் "அண்ணை, 1197 எண்டு காட்டுது, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று துள்ளினான். ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவு போவதால்தான் அதற்கு டபுள் டேட்டா ரேட் (டிடிஆர்) என்று பெயர், அதை இரண்டால் பெருக்கு என்று சொன்னபிறகுதான் அடங்கினான்.

4உம் 8உம் சேர்ந்தால் டுவல் சனல், அதாவது இரண்டு ரேமும் சோடியாக ஒரே நேரத்தில் தரவு அனுப்புவது, வராது என்பதும் முழு உண்மை இல்லை. இன்டெல் போர்டில் 4க்கு 4 சோடியாக ஓடும், மிச்ச 4 தனியாக ஓடும். கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் ஓடுகிற மெஷினுக்கு இந்த அரைகுறைச் சோடியே நல்ல உதவி. நாலு ஸ்லொட் இருந்தால் பெரும்பாலும் புரோசசரிலிருந்து இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும், எதற்கும் போர்டோடு வந்த புத்தகத்தை ஒருக்கால் பாருங்கள்.

ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டுகிற எக்ஸ்எம்பி அமைப்பை மட்டும் நிறுத்திவிடுங்கள். அது ஒரு ரேம் குச்சியை வைத்துக் கணக்குப் பார்த்த வேகம், மற்றது அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது, மெஷின் திரை வராமலே நிற்கும். அப்புறம், பழையது வாங்கும்போது பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். தங்க நிறப் பற்கள் கறுத்திருந்தால் அழிறப்பரால் மெல்ல உரசித் தூசைத் தட்டினால் பல நேரம் சரிவரும். ஆனால் சேர்வரில் இருந்து கழற்றின ரெஜிஸ்டர்ட் ரேம் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சாதாரண டெஸ்க்டொப்பில் ஓடாது. டிடிஆர்3இல் ஏஎம்டிக்கு மட்டும் என்று மலிவாக ஒன்று வரும், அதை இன்டெல் போர்டில் போட்டால் பீப் சத்தம்தான் மிச்சம்.

விண்டோஸ் திறந்துவிட்டது என்று மூடியைப் பூட்டிவிடாதீர்கள். ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவில் போட்டு இரவு ஓட விடுங்கள், கரண்ட் போகாத நாளாகப் பார்த்து. ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம். காசு கொடுக்க முதலே, சரிவராவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று கடையில் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.