ஷென்சென் ஆற்றங்கரையில் நீர்மட்டம் பார்க்கும் வேலை

ஹாங்காங்கின் வடக்கு எல்லை ஓர் ஆறு. ஷென்சென் ஆறு. மொத்த நீளம் 37 கிலோமீட்டர்தான். காவிரி பார்த்து வளர்ந்தவர்கள் இதை ஓடை என்றுதான் சொல்வார்கள். 1898-இல் பிரிட்டன் இன்றைய ஹாங்காங்கின் வடபகுதியான 'புதிய பிரதேசங்களை'க் குத்தகைக்கு எடுத்தபோது எல்லைக்கோடு இதையொட்டிப் போடப்பட்டது. இன்று வடகரை முழுக்கக் கண்ணாடிக் கோபுரங்கள். தென்கரையில் மீன் குளங்கள், கண்டல் (அலையாத்தி) காடு, அதைத் தாண்டி டீப் பே விரிகுடாவின் சேற்றுவெளி. ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்துக்காக இந்தத் தென்கரையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நீர்மட்டம் அளப்பது, சேறு மாதிரி எடுப்பது, பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களோடு போய்க் குறிப்பு எழுதுவது.

எல்லை வேலிதான் இந்த இடத்தைக் காப்பாற்றியது என்று இங்கே பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. 1951-இல் எல்லையோரம் தடைசெய்யப்பட்ட பகுதியானது. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. அதனால் கட்டடக்காரர்களும் வரவில்லை. 2012-இலிருந்து 2016-க்குள் அந்தப் பகுதியைப் படிப்படியாகச் சுருக்கிவிட்டார்கள். ஆனால் தென்கரையிலுள்ள மை போ ஈரநிலக் காப்பகத்தின் மிதவைப் பாதை வழியாகச் சேற்றுவெளிக்குப் போவதற்கு இன்றும் சீட்டு வேண்டும். வேலியில் இருக்கும் கதவைத் தாண்டினால், கண்டல்களுக்கு நடுவே பலகைப் பாதை நீரின் மேல் மிதந்து போகும். பிச்சாவரத்தில் பார்த்த வெண்கண்டலும் நரிக்கண்டலும் கழுதைமுள்ளியும் இங்கேயும் நிற்கின்றன. முதன்முதலில் பார்த்தபோது ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

மீதிப் பாதி உண்மை மனித உழைப்பு. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்குச் சொல்ல இருப்பதே அதுதான்.

மை போவில் 'கெய் வாய்' என்னும் இறால் குளங்கள் உண்டு. 1940-களின் நடுவில், கண்டல் நிலத்தில் கரை போட்டு வெட்டியவை. ஒவ்வொன்றும் சுமார் 10 ஹெக்டேர், கடல் பக்கம் ஒரு மதகு. கடல்நீர் ஏறும்போது மதகைத் திறந்தால், விரிகுடாவிலிருந்து இறால் குஞ்சுகள் தண்ணீரோடு தாமாகவே உள்ளே வரும். தீவனம் போட வேண்டியதில்லை. குளத்துக்குள்ளேயே கண்டல் நிற்பதால், உதிர்ந்து மட்கும் இலையே போதும். வளர்ந்தபிறகு, இரவில் நீர் இறங்கும் நேரம் பார்த்து மதகில் வலையைக் கட்டித் திறந்துவிடுவார்கள். கேரளத்துப் பொக்காளி நெல்வயல்களில் நடப்பதும் ஏறக்குறைய இதே முறைதான். அறுவடைக் காலம் முடிந்து குளிர்காலம் வந்ததும் குளத்தை வற்றவைப்பார்கள். அடியில் மிஞ்சிய சிறுமீனும் இறாலும் கொக்குகளுக்கும் கரண்டிவாயன்களுக்கும் போகும்.

விரிகுடாவின் மாசும் படியும் வண்டலும் சேர்ந்து அந்தத் தொழிலைக் கெடுத்துவிட்டன. 1983-இலிருந்து மை போவைப் பராமரித்து வரும் உலக இயற்கை நிதியம் இப்போது பறவைகளுக்காகவே மதகுகளை இயக்குகிறது. ஒரு குளத்தை ஆழமாக வைக்க வேண்டும், இன்னொன்றைக் கணுக்கால் ஆழத்துக்கு இறக்க வேண்டும். காரணம் எளிது: கடல் ஏறினால் சேற்றுவெளி மூழ்கிவிடும், அங்கே மேய்ந்துகொண்டிருந்த உள்ளான், மூக்கன் போன்ற கரைப்பறவைகள் உட்கார இடம் தேடி உள்ளே வரும். அந்த நேரத்தில் ஆழமில்லாத, புல் மண்டாத ஒரு குளம் தயாராக இருக்க வேண்டும். சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறக்கும் பறவைக்கு வழியில் ஓய்வு கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு மதகுப் பலகையை ஏற்றி இறக்குவதில் இருக்கிறது. சேற்றுவெளியும் சும்மா இருக்காது. பறவை பார்க்கும் குடில்களுக்கு முன்னால் கண்டல் நாற்று முளைத்துக்கொண்டே இருக்கும். பிடுங்காமல் விட்டால் திறந்த சேறு காடாகிவிடும். காட்டைக் காக்க வந்தவர்கள் நாற்றைப் பிடுங்குகிறார்களே என்று புதியவர்கள் திகைப்பார்கள். உள்ளானுக்கு வேண்டியது திறந்த சேறுதான்.

மை போவைச் சுற்றியுள்ள மீன் குளங்களில் மடவையும் கெண்டை வகைகளும் வளர்க்கிறார்கள். குளத்துக்காரர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். மீன் பிடித்தபின் குளத்தை வற்றவைத்து அடியை வெயிலில் காயவிடுவது அவர்களது பழைய வழக்கம். அந்தச் சில நாட்களில் வெறிச்சென்று கிடந்த ஒரு குளத்துக்கு நூற்றுக்கணக்கில் பறவைகள் வந்துவிடும். 2012-இலிருந்து ஹாங்காங் பறவை நோக்குவோர் சங்கத்தின் திட்டம் ஒன்று, நீரை இறக்கி அப்படியே சில நாள் விட்டுவைக்கும் குளத்துக்காரருக்குப் பணம் தருகிறது. ஒரு பெரியவரிடம், பறவை இவ்வளவு மீனைத் தின்கிறதே, கோபம் வரவில்லையா என்று என் அரைகுறை காண்டனீஸில் கேட்டேன். "விற்காத பொடிமீன்தானே, தின்னட்டும். நீர்க்காகம்தான் பெரிய மீனைத் தூக்கும்" என்றார். அப்புறம், தன் மகன் இந்த வேலைக்கு வரமாட்டான் என்றும் சொன்னார். அன்றைய அறிக்கையில் நான் எழுதிய நீர்மட்டத்தைவிட முக்கியமான தகவல் அது. அதற்கு எங்கள் படிவத்தில் இடமில்லை.

இதன் பலனைக் கருமுகக் கரண்டிவாயனிடம் பார்க்கலாம். கொரியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையோரச் சிறு தீவுகளில் கூடு கட்டி, குளிர்காலத்தில் தெற்கே வரும் பறவை. 1980-களின் இறுதியில் உலகம் முழுக்க 300 அளவில்தான் இருந்தன. இன்று 6,000-க்கு மேல். பல நாடுகளின் உழைப்பு அது. டீப் பே விரிகுடாவுக்கும் அதில் பங்குண்டு. தட்டையான அலகை நீருக்குள் பக்கவாட்டில் வீசி வீசி மேய்வதால், அதன் கால் எட்டும் ஆழத்தில் நீர் இருந்தாக வேண்டும். நிரம்பித் ததும்பும் குளம் அதற்கு வெறும் காட்சி.

ஆற்றைப் பொறியாளர்கள் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பயந்து 1990-களில் லோக் மா சாவ் அருகே வளைவை வெட்டி நேராக்கியதில், வடகரையின் 87 ஹெக்டேர் நிலம் தென்கரைக்கு வந்து சேர்ந்தது. அந்தத் துண்டில்தான் இப்போது தொழில்நுட்பப் பூங்கா எழுகிறது. நல்ல செய்தியும் உண்டு. லாங் வேலி என்னும் ஈரவயல்களுக்கு மேலே போக இருந்த ரயில் பாதைக்கு 2000-இல் சுற்றுச்சூழல் துறை அனுமதி மறுத்தது. மேல்முறையீடும் தோற்றது. பாதை சுரங்கமாக மாறி 2007-இல் திறந்தது. எங்கள் துறையில் சேரும் இளையவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான். அறிக்கை அலமாரியில் தூங்குவதற்கு மட்டுமல்ல என்று தெரிய வேண்டும்.

இப்போதைய கவலை சான் டின் என்னும் பகுதி. ஹாங்காங் அரசு 2021-இல் அறிவித்த வடக்குப் பெருநகரத் திட்டத்தின் பகுதியாக அங்கே சுமார் 90 ஹெக்டேர் குளங்களை நிரப்பப்போகிறார்கள். ஈடாக, சாம் போ ஷூவில் ஓர் ஈரநிலப் பூங்கா அமைத்து, மிச்சமுள்ள குளங்களை மேம்படுத்துவார்களாம். காகிதத்தில் பரப்பளவுக்குப் பரப்பளவு வாதாடலாம். நான் கேட்பது வேறு: அந்தக் குளங்களில் குளிர்காலத்தில் நீரை இறக்குவது யார்? மடவை வளர்க்கத் தெரிந்த எத்தனை பேர் அங்கே மிஞ்சியிருப்பார்கள், அவர்களுக்குக் குத்தகை எத்தனை வருடத்துக்கு? பராமரிப்புத் திட்டத்தில் 'குளத்துக்காரர்' என்று ஒரு பதவியைச் சம்பளத்தோடு எழுதி வைக்கும்வரை, கூட்டத்துக்குக் கூட்டம் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.